சீர்த்தட்டில் வைத்த மருந்து

சுந்தரராஜுலுவுக்குப் பெருமை வந்துவிட்டால் அதை அடக்கி வைக்க அவர் உடம்பில் இடம் கிடையாது. கணபதி என்ற ஊரில் இருக்கும் அவருடைய மோட்டார் பட்டறைக்கு யார் வந்தாலும், வந்தவர் பம்புசெட் ரிப்பேருக்கு வந்தவரா, வழி கேட்க வந்தவரா என்றுகூடப் பார்க்காமல், மகளைப் பற்றி ஆரம்பித்துவிடுவார்.

"என்ற பொண்ணு நவ்யா, கெமிஸ்ட்ரில எம்.எஸ்ஸி.ங்க. பருத்திக்கு ஒரு மருந்து கண்டுபுடிச்சிருக்குது. மழை பேஞ்சாலும் இலையை உட்டுப் போகாதுங்க."

இதைக் கேட்காமல் அந்தப் பட்டறையில் ஒரு போல்ட்டைக்கூட முடுக்கிக்கொண்டு போக முடியாது என்று தெருவில் கேலி பேசுவார்கள். பேசட்டுமே. பெற்றவனுக்கு அது காதிலேயே விழாது.

அவர் பெருமைப்பட்டதில் தப்பும் இல்லை. அந்த வருஷங்களில் பருத்தி போட்டவர்களின் பாடு பெரும்பாடாக இருந்தது. இன்றைக்குப் பூச்சிமருந்து அடித்தால் நாளைக்கு மழை வந்து கழுவிக்கொண்டு போய்விடும். மறுபடி அடிக்க வேண்டும், மறுபடி மழை வரும். புழு மட்டும் கொழுத்துக்கொண்டே இருந்தது. நவ்யா என்ன செய்தாள் என்றால், மரவள்ளிக்கிழங்கு மாவைப் பக்குவப்படுத்தி ஒரு பாலிமராக்கி, அதற்குள் மருந்தைப் பிணைத்து வைத்தாள். அது இலையில் ஒட்டிக்கொண்டு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். பட்டறைக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கொட்டகைதான் அவளுக்கு ஆய்வுக்கூடம். மாவு கலக்குவதற்கு ஒரு பழைய கிரைண்டர் மோட்டாரை மாட்டி அப்பாதான் மிஷின் செய்து கொடுத்தார். அதனால் கண்டுபிடிப்பில் பாதி தன்னுடையது என்று அவருக்குள் ஒரு நினைப்பு உண்டு.

தை மாதம் நவ்யா கல்யாணம் ஆகித் தாராபுரத்துக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை சசிதருக்கும் அவன் அப்பா கோவிந்தராஜுலுவுக்கும் பருத்திக்காடுதான் உலகம். மருமகளின் மருந்து அவர்களுக்குக் கும்பிடாமல் கிடைத்த வரம். துடியலூரில் ஒரு சின்ன ஷெட் பிடித்து, புருஷனும் பெண்டாட்டியுமாக அந்த மருந்தைத் தயாரிப்பது என்று திட்டம். ஆனால் நவ்யா ஒன்றில் பிடிவாதமாக இருந்தாள். முதலில் காப்புரிமைக்கு மனுப் போட வேண்டும். இல்லாவிட்டால் பெரிய கம்பெனிக்காரன் எவனாவது ஒரே மாதத்தில் காப்பியடித்து, தன் பெயரைப் போட்டு விற்றுவிடுவான். இரண்டு வருஷம் கொட்டகையில் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு நின்றவள் அவள். அந்தப் பெயர் அவளுக்கு வேண்டும்.

மனு எழுதும் வேலையை அமலி எடுத்துக்கொண்டாள். அமலியும் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வக்கீலுக்குப் படித்தவள். கணபதியில் சர்ச்சுக்குப் பின்தெருவில், வீட்டின் முன்னறையையே ஆபீஸாக்கி வைத்திருந்தாள். மெட்ராஸ் சென்னையாகி ஒரு வருஷம் ஆகியும் அங்கே போடுகிற மனுக்களில் பழைய பெயரையே எழுதிவிட்டு அடித்துத் திருத்துவாள். மற்றபடி அவள் கண்ணில் ஒன்றும் தப்பாது.

நவ்யா தாராபுரத்தில் இருந்ததால் அலைச்சல் எல்லாம் சுந்தரராஜுலுவுக்கு. ஒருநாள் அமலி அவரை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாள்.

"சார், நம்ம சட்டத்துல பூச்சிமருந்துங்கற பொருளுக்குப் பேட்டன்ட் கிடையாதுங்க. அதைச் செய்யற முறைக்கு மட்டுந்தான் உண்டு. செடி மேல எப்படி அடிக்கறதுங்கறதுக்கும் கிடையாது. ரெண்டு பொருளைச் சும்மா கலக்கி வெச்சாலும் கிடையாது. நவ்யா செஞ்சது வெறும் கலவை இல்ல, பிணைப்பு. அதைச் செய்யற முறை புதுசு. அதுதான் நம்ம பலம்."

"ஆமாங்க, ஆமாங்க," என்று தலையாட்டினார்.

"அதனால கேக்கறேன். மனுப் போடறதுக்கு முன்னாடி அந்தச் செய்முறை வெளியில தெரிஞ்சிருந்தா, அது புதுசு இல்லைன்னு ஆயிரும். அத்தோட போச்சு. வெளியாளுங்க யாருகிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"எங்க ஊட்டைத் தாண்டி ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாதுங்க வக்கீலம்மா."

அவர் பொய் சொல்லவில்லை. இதை நான் அடித்துச் சொல்வேன். மனசறிந்து பொய் சொல்லத் தெரியாத மனுஷர். அவருக்கு வெளியாள் என்றால் பேங்க் மேனேஜர், கம்பெனிக்காரன், முகம் தெரியாதவன். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அமலி நேரே அவர் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காலை நவ்யா வருவதாக இருந்ததால், அவள் கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தவளை வாசலிலேயே வரவேற்றது சம்பந்தி கோவிந்தராஜுலுவின் குரல்.

"வாங்க வாங்க வக்கீலம்மா! நல்ல நேரத்துக்கு வந்தீங்க. கல்யாண கேசட்டு இன்னைக்குத்தான் கைக்கு வந்துச்சு. வீடியோக்காரன் ஆறு மாசமா இழுத்தடிச்சுப்போட்டான். நீங்கதான் கல்யாணத்துக்கு வருலியே, உக்காந்து பாருங்க."

சுந்தரராஜுலு கேசட்டைப் போட, அவர் மனைவி வெங்கடம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். மறுக்க முடியாமல் அமலி உட்கார்ந்தாள். டி.வி.யில் பெண்ணும் மாப்பிள்ளையும் ரோஜாப்பூவுக்குள்ளிருந்து மிதந்து வந்தார்கள். பிறகு சீர்த்தட்டுகள் வந்தன. பழத்தட்டு, லட்டுத் தட்டு, பட்டுச்சேலைத் தட்டு என்று பெண்கள் வரிசையாக ஏந்தி வர, கடைசியில் சுந்தரராஜுலு தானே ஒரு வெள்ளித்தட்டைத் தூக்கி வந்தார். தட்டில் ஜரிகை ரிப்பன் கட்டிய ஒரு கண்ணாடி ஜாடி. ஜாடிக்குள் வெளுத்த குருணை.

"லட்டுக்குப் பக்கத்துல பூச்சி மருந்தான்னு நான் தலையில அடிச்சுக்கிட்டனுங்க," என்றாள் வெங்கடம்மாள். "கேட்டாத்தானே? மூடிக்கு அரக்கு வெச்சுட்டேன்னாரு."

படத்தில் சுந்தரராஜுலு கச்சேரிக்காரர் கையிலிருந்து மைக்கை வாங்கினார். பட்டு வேட்டி, நெற்றியில் நாமம், முகமெல்லாம் பல்.

"சபைக்கு வணக்கமுங்க. நகை நட்டு எல்லாரும்தான் போடறாங்க. என்ற பொண்ணு தன் கையால செஞ்சதை அவளுக்குச் சீரா வெக்கறேன். இது என்னன்னு கேக்கறீங்களா? கிழங்கு மாவுங்க. மொதல்ல மாவைக் கூழாக் காய்ச்சோணும். கூழு கண்ணாடி மாதர ஆனதும், சூட்டோட சூடா மருந்தை ஊத்தி, மிஷின்ல நெம்ப நேரம் கலக்கோணும். மிஷின் நான் செஞ்சதுங்க. அப்புறம் ஆற வெச்சு, காயப்போட்டு, ஒடைச்சா, இதா இந்தக் குருணை! எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க!"

மண்டபமே கை தட்டியது. கேமரா மணவறைக்குத் திரும்பியது. நவ்யா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். வெட்கம் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

கோவிந்தராஜுலுவும் இப்போது ஒரு தரம் கை தட்டினார். அமலி மட்டும் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சார்... வெளியாளுங்ககிட்ட சொல்லலைன்னீங்களே."

"அது கல்யாணமுங்க. சொந்தபந்தம் மட்டுந்தானே வந்திருந்தாங்க? அவங்க எப்புடி வெளியாளு?"

சொல்லி வாயை மூடுவதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. துடியலூர் மண்டபம் நிறைய ஜனம். அதில் மில்காரர்கள் உண்டு, உரக்கடைக்காரர்கள் உண்டு. அவர்கள் சம்பந்தியின் சம்பந்தியாக இருக்கலாம், பங்காளியின் மச்சானாக இருக்கலாம். சட்டத்துக்கு அத்தனை பேரும் வெளியாட்கள். முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிப்போய் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஜாடியைக் காட்டினது போகட்டும் சார். பாத்தவங்களுக்குச் செய்யற முறை தெரியப்போறதில்ல. ஆனா நீங்க முறையையே சொல்லியிருக்கீங்க, மைக்குல." அமலிக்கே வருத்தமாக இருந்தது. "இதுதான் நவ்யாவோட முறைன்னா நான் மனுவைப் போட முடியாதுங்க."

கோவிந்தராஜுலு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இதுக்கு எதுக்குங்க கவலை? கேசட்டு நம்மகிட்ட ஒண்ணேதான் இருக்குது. அதும்மேல நாலு சினிமாப் பாட்டைப் புடிச்சுட்டாப் போச்சு."

"மண்டபத்துல கேட்டவங்க காதுமேல எதைப் புடிப்பீங்க?" என்றாள் அமலி. "அதுவும் இல்லாம, தெரிஞ்சே மறைச்சு எழுத என் கை வராதுங்க."

"கேசட்டுல கை வெக்க நானும் உட மாட்டேன்," என்றாள் வெங்கடம்மாள். "என்ற பொண்ணு கல்யாணம் அது." பிறகு புருஷனைப் பார்த்தாள். திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தாள். அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. ஆறிப்போன காப்பியைச் சுடவைத்துக் கொண்டுவரப் போய்விட்டாள்.

அன்றிரவு சுந்தரராஜுலு தூங்கினதாகச் சொல்ல முடியாது. பட்டறையில் எத்தனையோ மோட்டார்களை எரித்திருக்கிறார், ஒருதரம் விரலையே நசுக்கிக்கொண்டிருக்கிறார். இந்த வலி வேறு. ஆசையாகப் பேசிப் பேசியே பிள்ளையின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று புரண்டுகொண்டே இருந்தார்.

காலையில் நவ்யா வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவாள். "ஏன் நைனா மூஞ்சி இப்புடி இருக்குது?" என்றாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"நான் உன்ற பேட்டன்ட்டைக் கெடுத்துப்போட்டேன் கண்ணு."

நவ்யா அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள். பிறகு அவள் வாய் கோணியது. அழப்போகிறாள் என்று அவர் பதறிப்போய் எழுந்தார். அவள் சிரித்தாள்.

"நைனா, நீங்க மேடையில சொன்னது அத்தனையும் தப்புங்க."

"தப்பா?"

"கூழு காய்ச்சுன பொறவு மருந்தை ஊத்துனா அது கலவைதானுங்க. மருந்து மாவுக்குள்ள போகவே போகாது. தண்ணி பட்டாக் கழண்டுக்கும். நாஞ் செய்யறது அது இல்லீங்க."

சுந்தரராஜுலு மனைவியைப் பார்த்தார், ராத்திரி அங்கேயே தங்கியிருந்த சம்பந்தியைப் பார்த்தார், சுவரில் இருந்த பெருமாளையும் ஒருதரம் பார்த்துக்கொண்டார். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அப்பா மனசு நோகக்கூடாது என்று பிள்ளை சொல்கிற பொய்யாகவும் இருக்கலாமே.

தகவல் தெரிந்து வந்த அமலியும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "நீ சொல்றதை நான் நம்பறேன் நவ்யா. ஆனா மனுவைப் படிக்கறவங்க நம்போணுமே. அப்பா சொன்ன முறையில செஞ்சாலும் மருந்து நின்னுருச்சுன்னா நம்ம முறையில புதுசு எதுவும் இல்லைன்னு ஆயிரும். அதனால அவர் சொன்ன மாதிரியே, அச்சுப் பிசகாம செஞ்சு பாருங்க. அதையும் மனுவில எழுதிடறேன்."

செய்வது யார் என்ற பேச்சே எழவில்லை. சொன்னவர்தான் செய்ய வேண்டும். சுந்தரராஜுலு கையுறை மாட்டி, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போனார். கேசட்டில் சொன்னபடியே மாவைக் கூழாகக் காய்ச்சினார். கண்ணாடி மாதிரி ஆனதும் மருந்தை ஊற்றினார். மிஷினைப் போட்டார். ஏமாற்றக்கூடாது என்று வழக்கத்தைவிடக் கவனமாகக் கலக்கினார். அவர் அவ்வளவு சிரத்தையாகக் கலக்குவதைப் பார்த்துக் கோவிந்தராஜுலுவால் சும்மா இருக்க முடியவில்லை.

"சம்பந்தி, கொஞ்சம் ஏனோதானோன்னுதான் செய்யுங்களே!"

"அது ஆகாதுங்க. மேடையில அப்புடிச் சொல்லுலியே."

குருணை காய்ந்து முடிந்ததும், தாராபுரத்திலிருந்து கோவிந்தராஜுலு இரண்டு தொட்டிகளில் பருத்திச் செடிகளைக் கொண்டுவந்தார். கூடவே டிபன் பாக்ஸ் நிறைய இலையும், அதில் நெளியும் புழுக்களும். ஆயுசு பூராவும் புழுவைச் சபித்தே வாழ்ந்த மனுஷர், பஸ்ஸில் அந்த டிபன் பாக்ஸை மடியில் வைத்து, வெயில் படாமல் துண்டால் மூடிக்கொண்டு வந்தார். ஒரு செடிக்கு அப்பாவின் குருணையைக் கரைத்து அடித்தார்கள். இன்னொன்றுக்கு மகளின் குருணை. உலர்ந்த பிறகு பூவாளியால் மழை மாதிரி தண்ணீரை ஊற்று ஊற்று என்று ஊற்றினார்கள். பிறகு புழுக்களை விட்டுக் கொசுவலையால் மூடினார்கள்.

"நாளைக்குக் காலைல தெரிஞ்சுரும்," என்றாள் நவ்யா. சொல்லிவிட்டு, கட்டின வலையை இன்னொரு தரம் இழுத்துச் சரிபார்த்தாள். அப்பா சொன்ன முறையில் அவளே இதுவரை செய்து பார்த்ததில்லை. படித்த படிப்பு அது நிற்காது என்று சொல்லியது. புழுவிடம் அல்லவா கேட்க வேண்டும்?

விடிந்தும் விடியாமலும் எல்லோரும் கொட்டகை வாசலில் கூடிவிட்டார்கள். அமலிகூட வந்துவிட்டாள். வலையைத் தூக்க ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை. கடைசியில் சுந்தரராஜுலு மகளுடைய செடியை முதலில் திறந்தார். புழுக்கள் சுருண்டு மண்ணில் கிடந்தன. இலைகள் முழுசாக இருந்தன. நல்லது. அதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

அப்புறம் தன்னுடைய செடி. கண்ணை மூடிக்கொண்டு வலையை எடுத்தார்.

முதலில் கத்தியது கோவிந்தராஜுலு. "இருக்குதுங்க! உசுரோட இருக்குது! அடே என்ற ராசா, நல்லாத் தின்னுடா!"

இலைகள் சல்லடையாகியிருந்தன. பச்சைப் புழு ஒன்று ஓர் இலையின் விளிம்பில் உட்கார்ந்து, சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது. சுந்தரராஜுலு குனிந்து பார்த்தார். புழு தலையைத் தூக்கியது. இப்படி ஒரு அழகான ஜீவனை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"சாகுல கண்ணு! நாஞ் சொன்னது சுத்தத் தப்பு!" அவர் சம்பந்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார். தான் முட்டாள் என்று நிரூபணமானதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷனைக் கணபதியில் அதற்கு முன்பு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"இதை அப்படியே எழுதிடறேன் சார்," என்றாள் அமலி சிரித்துக்கொண்டே. "கூழில் மருந்தை ஊற்றிக் கலக்கினால் நிற்காதுன்னு. உங்க முறையும் மனுவில வந்துரும், உதவாத முறையா."

"தாராளமா எழுதுங்க வக்கீலம்மா."

எல்லாரும் காப்பிக்கு உள்ளே போனார்கள். அமலி போட்ட கோடுகளின் மேல் நவ்யா கையெழுத்துப் போட்டுவிட்டு, தொட்டிகளை எடுத்து வைக்கக் கொட்டகைக்குத் திரும்பி வந்தாள். அப்பா இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தார். குதித்ததெல்லாம் அடங்கி, ஏதோ யோசனையில் இருந்தார்.

"கண்ணு, அன்னிக்கு மணவறையிலயே உனக்குத் தெரியுமல்ல, நாந் தப்பாச் சொல்றேன்னு?"

"தெரியுமுங்க."

"அப்புறம் ஏன் சொல்லுல? வீடியோல தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்கறே. நான் வெட்கம்னு நெனச்சேன்."

"சிரிப்பை அடக்கிட்டு இருந்தேனுங்க நைனா. அழுகையும் வந்துச்சு." அவள் வலையை மடித்தாள். "அத்தனை பேரு முன்னாடி மைக்கைப் புடிச்சுட்டு என்னைப் பத்திப் பேசறீங்க. அதை நிறுத்தித் தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வருலீங்க."

இரண்டு வருஷமாகச் சாப்பாட்டு வேளையில் அவள் சுந்தரராஜுலுவிடம் இந்தச் செய்முறையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் என் பெண் என்று பூரித்தாரே தவிர, அவள் சொன்னதில் ஒரு வார்த்தை அவர் காதில் ஏறவில்லை. தப்பாகச் சொன்னதால் பிழைத்தோம். ஆனால் ஏன் தப்பாகச் சொன்னோம் என்பது இப்போதுதான் உறைத்தது. அது அந்தக் கேசட்டைவிட அதிகமாக வலித்தது.

அவர் மிஷினுக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்லு கண்ணு. மொதல்லருந்து சொல்லு."

நவ்யா அவரைப் பார்த்தாள். காப்பி ஆறுகிறது என்று உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். அவள் போகவில்லை.

"மாவு பச்சையா இருக்கறப்பவே மருந்து உள்ள போயிரோணும் நைனா," என்று தொடங்கினாள். "சூடெல்லாம் அதுக்கப்புறந்தானுங்க."

அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் ஆமாம் போடவே இல்லை.